வாசல் கதவு மாற்ற வந்தவர்கள்

புதுவீடு கட்டுகிறவர் கதவு வாங்க வரும்போது சிரித்துக்கொண்டே வருவார். இருக்கிற கதவு கெட்டுப்போய் மாற்ற வருகிறவரோ, அது கெட்டதற்கே நான்தான் காரணம் என்கிற முகத்தோடு வருவார். கடையில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு அந்த முகம் தெரியும். நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தேன். கண் வலி தாங்காமல் அதை விட்டுவிட்டு, இரண்டாயிரத்து மூன்றிலிருந்து ஐந்து வருடம் அங்கேயே ராயபுரத்தில் ஒரு கதவுக் கடையில் இருந்தேன். கண் வலி போனது. ரத்தக் கொதிப்பு வந்தது.

ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?

மண்ணரையிலிருந்து ஒருவர் வந்தார். மேற்குப் பார்த்த வாசல், சாரல் அடித்துக் கதவின் அடிப்பாகம் உளுத்துவிட்டது. எது போடலாம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "கடைல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்று எட்டிப் பார்த்தார். பின்னால் வண்டியிலிருந்து கதவு இறக்கிக்கொண்டிருந்த சுப்பிரமணியைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

சுப்பிரமணி வேலைக்குச் சேர்ந்தே ஒன்பது நாள்தான். அவன் அங்கிருந்தே என்னைப் பார்த்து, "அக்கா, மேக்க பாத்த வாசலுக்கு எதுங்க்கா குடுக்கறது?" என்று கத்தினான். "பிளைவுட் கதவு வேண்டாம், தண்ணி பட்டா உப்பும். வேங்கை போடச் சொல்லு, மேலே ஒரு சன்ஷேடும் வைக்கச் சொல்லு" என்றேன். அவன் அதை ஒரு சொல் மாறாமல் அவரிடம் சொன்னான். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வேங்கைக் கதவுக்கு முன்பணம் கட்டினார். போகும்போது என்னிடம் வந்து சொன்னார்:

"பாத்தீங்களா அம்மிணி, இதுக்குத்தான் வெவரமான ஆளு ஒருத்தரு வேணும்ங்கறது."

லேபிள்

ஒருவர் வீட்டு உள் அறைக்குப் போடுகிற கதவைக் காட்டி, அதையே வாசலுக்குக் கேட்டார். வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். "எனக்குத் தெரியுமுங்க" என்றார். பில்லிலேயே 'உள் அறைக்கு மட்டும், மழை படக்கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஐப்பசி மழை முடிந்ததும் அதே கதவை ஒரு டெம்போவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பலகை பலகையாக உரிந்து, ஊறின அப்பளம் மாதிரி இருந்தது. கடை வாசலில் நின்று, ஏமாற்றுக்காரக் கடை என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

பில்லை எடுத்து நீட்டினேன். அப்போதுதான் அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த விசிட்டிங் கார்டைப் பார்த்தேன். அவர் நடத்துவது லேபிள் அச்சடிக்கிற யூனிட்! வெள்ளைக்காரன் போடுகிற டீ சர்ட்டின் கழுத்துக்குப் பின்னால், வெந்நீரில் துவைக்காதே, வெயிலில் காயப்போடாதே என்று லட்சக்கணக்கில் அச்சடித்து அனுப்புகிற மனுஷன். "இதுவும் லேபிள்தானே சார்?" என்றேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னார்:

"லேபிளையெல்லாம் யாருங்க படிக்கறாங்க?"

தேக்கா, இரும்பா

கணவன் மனைவியாக வந்தார்கள். சொந்தத்தில் நிட்டிங் கம்பெனி, தோட்டத்துக்குள் தனி வீடு. கரையான் அரித்த கதவை மாற்ற வேண்டும். அவர் தேக்கில் யானை செதுக்கினதைத்தான் பார்த்தார். "வர்றவங்க நின்னு பாக்கோணுமுங்க" என்றார். அந்தம்மா இரும்புத் தகட்டுக் கதவைப் பார்த்து, "இதுக்கு உள்பக்கம் எத்தன தாழ்ப்பாள்ங்க?" என்று என்னைக் கேட்டார். பக்கத்துத் தோட்டத்தில் பட்டப்பகலில் திருடர்கள் உள்ளே புகுந்துவிட்டார்களாம்.

நான் பதில் சொல்லுமுன் அவர், "உனக்கென்ன தெரியும், சும்மா இரு" என்றார். என் முன்னால், சுப்பிரமணி முன்னால். அந்தம்மா முகம் செத்துவிட்டது. எனக்கு அந்த யானையின் தும்பிக்கையை ஒடித்து அவர் கையில் கொடுக்கலாம் போலிருந்தது. யானையைத்தான் எடுத்தார்கள். அவர் பில் போடப் போன நேரத்தில் அந்தம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"அவரு வெளிய நின்னு பாக்கறாருங்க. பகலெல்லாம் உள்ள நிக்கறவ நானுங்க."

பத்துக் கதவு

இது மட்டும் இன்றைக்கும் ஆறவில்லை. நல்லூரில் லைன் வீடு வைத்திருந்த ஒருவர், பத்து அறைக்கும் வாசல் கதவு மாற்ற வேண்டுமென்று வந்தார். எல்லாம் எங்கள் தெற்கத்திப் பெண்கள் வாடகைக்கு இருக்கிற அறைகள். அவர் கேட்டது பாத்ரூமுக்குப் போடுகிற பிளாஸ்டிக் கதவு. "உள்ளே வெறும் கூடுங்க. ஸ்க்ரூ பிடிக்காது, ஒரு உதைக்கு மடங்கிரும்" என்றேன். "அவளுககிட்டத் திருடறதுக்கு என்ன இருக்குது?" என்றார். அப்படிப்பட்ட அறையில் நான் நாலு வருஷம் குடியிருந்தவள். கடை முதலாளியைப் பார்த்தேன். "கேக்கறதக் குடுக்கறதோட நம்ம வேல முடிஞ்சுது அம்மிணி, பில்லப் போடு" என்றார். போட்டேன். எழுதினது என் கைதான்.

இரண்டு மாதம் கழித்து, அந்த அறைகளில் ஒன்றில் இருந்த செல்வராணி கடைக்கு வந்தாள். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கிக்கொண்டிருந்தவள். யாரோ கதவைத் தோளால் தள்ளியிருக்கிறான். தாழ்ப்பாள் பிய்ந்து, கதவு அட்டை மாதிரி மடங்கிவிட்டது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரிகள் திரண்டுவர, அவன் ஓடிவிட்டான். லைன் வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, புதுத் தாழ்ப்பாள் வாங்கி மாட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அதைத்தான் வாங்க வந்திருந்தாள்.

தாழ்ப்பாள் வேண்டாம், வா என்று கடைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். கதவு மாற்றினவர்கள் விட்டுப்போன பழைய கதவுகள் அங்கே கிடந்தன. வேம்பு, வேங்கை, எல்லாம் கெட்டி மரம், அடிப்பாகம் மட்டும் உளுத்தவை. லைன் வீட்டு வாசல் குட்டை. உளுத்ததை அறுத்துத் தள்ளினால் அளவு சரியாக வந்தது. முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "பில் போடறதோட என் வேலை முடியலீங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண்களே வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய், சுப்பிரமணியை வைத்து மாட்டினார்கள்.

வீட்டுக்காரர் கழற்றின பிளாஸ்டிக் கதவோடு கடைக்கு வந்து, "என்னக் கேக்காம என்ற ஊட்டுக் கதவ மாத்தறதுக்கு நீங்க யாருங்க?" என்று குதித்தார். கடைசிக் கதவைத் தூக்க வந்திருந்த செல்வராணி, "அண்ணாச்சி, அது குளிக்கதுக்கு ஆவும், உறங்கதுக்கு ஆவாது" என்றாள். அவர் பிளாஸ்டிக் கதவை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் அறை பார்க்கப் புதிதாக வந்த பெண்களிடம் அந்த ஆள் என்ன சொன்னார் என்று செல்வராணி வந்து சொன்னாள்:

"பத்து ரூமுக்கும் நல்ல கெட்டி மரக்கதவு போட்டிருக்கறனுங்க, வாடக கொஞ்சம் சேத்தித்தான் வரும்."

மரத்தை அரிக்கிற கரையானுக்கு மருந்து வந்துவிட்டது; கதவு வாங்க வருகிற சிலருக்குத்தான் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.