முன்வரிசையில் ஒரு கதிரை

பழைய அமெரிக்காவை நான் படித்தது அமெரிக்காவில் இல்லை, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மெரிலேண்ட்ஸில், எங்கள் வீட்டுக் குசினி மேசையில். நூலகத்தில் மைக்ரோபிலிம் பார்த்து எழுதிவந்த குறிப்புகளை அதில் பரப்பி வைத்தால், அம்மா புட்டுக் குழலோடு வந்து எல்லாவற்றையும் ஒதுக்கச் சொல்வார். அமெரிக்காவுக்குப் போன அந்த ஆங்கிலக் குடியேறிகளைப் புட்டு வாசம் இல்லாமல் இன்றைக்கும் என்னால் நினைக்க முடிவதில்லை. அம்மாவும் அப்பாவும் காலமான பிறகு அந்த வீட்டை விற்றுவிட்டோம்.

என் ஆராய்ச்சி ஒரு சண்டையைப் பற்றியது. குடியேறிகளின் ஆரம்பகால ஊர்களில், தேவாலயத்தில் யார் எங்கே உட்காருவது என்று ஒரு குழு கூடித் தீர்மானிக்கும். வயது, சொத்து, பதவி எல்லாம் பார்ப்பார்கள். பின்னால் இடம் கிடைத்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், ஊர்க் கூட்டத்தில் முறையிடுவார், சில வேளை அடுத்தவர் இடத்தில் போய்ச் சட்டமாக உட்கார்ந்தும் விடுவார். கடவுளைக் கும்பிடக் கடல் கடந்து வந்தவர்களுக்குப் உட்காரும் பலகைதான் பெரிய பிரச்சினை. இதை வைத்து எழுதிய என் புத்தகம் முழுக்க அவர்களை நக்கலடித்திருந்தேன்.

அப்பாவுக்கு இந்தப் படிப்பு பிடிபடவேயில்லை. கோயிலில் யாராவது விசாரித்தால் இன்ஜினியரான அண்ணனைப் பற்றி விலாவாரியாகச் சொல்வார். என் முறை வரும்போது, மகளும் யூனிவர்சிட்டியில் வேலை என்று முடித்துவிடுவார். என்ன வேலை என்று அவர் வாயால் ஒருதரம் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரே ஏக்கம். நாற்பதைத் தாண்டியும் அது போகவில்லை.

புத்தகம் வந்தபோது பல்கலைக்கழகத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அப்பா தன் கூட்டாளிகளான அங்கிள்மாரையும் அன்ரிமாரையும் ஒரு வேனில் அள்ளிக்கொண்டு வந்தார். நான் உள்ளே போனால் முன்வரிசை வெறுமையாகக் கிடக்கிறது. எங்கள் ஆட்கள் எல்லோரும் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். எங்கள் விழாக்களில் முன்வரிசை பிரதம விருந்தினருக்கு உரியது. இங்கே அப்படி ஒருவரும் வரப்போவதில்லை என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. துறைத்தலைவர் வந்து கெஞ்சிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்களே ஒழிய ஒருவரும் அசையவில்லை. இருக்கைச் சண்டையைப் பற்றி நான் வெறும் கதிரைகளைப் பார்த்துப் பேசி முடித்தேன்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. திரும்பும் வழியில் அப்பா பேச்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏன் முன்னுக்கு வரவில்லை என்று கேட்டேன். டாக்டர்மார் வந்தால் எழும்ப வேண்டியிருக்கும் என்றார். அன்றைக்கு மனம் நொந்துபோனேன்.

அதற்குப் பிறகு பிளாக்டவுனில் ஒரு கலைவிழா. அமைப்பாளர் வாசலில் நின்று டாக்டர்களையும் கணக்காளர்களையும் முன்னுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் பின்வரிசைப் பக்கம் திரும்பினேன். அப்பா அசையாமல் நின்றுவிட்டார்.

"தம்பி, இவ என்ர மகள். சரித்திரம் ஆராய்ச்சி செய்யிறவ, புத்தகம் எழுதியிருக்கிறா. முன்னுக்கு ஒரு கதிரை போடுங்கோ."

அமைப்பாளர் இடமில்லை என்று இழுத்தார். அப்பா விடவில்லை. பழைய அமெரிக்கர்கள் தேவாலயத்தில் இடத்துக்கு அடிபட்ட கதையைச் சொல்லத் தொடங்கினார். குழு கூடியது, வயதும் சொத்தும் பார்த்தது, அடுத்தவர் இடத்தில் போய் உட்கார்ந்தது, எல்லாம் நான் பேசிய அதே ஒழுங்கில் வந்தன. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. தொல்லை தாங்காமல் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து முன்வரிசை ஓரத்தில் போட்டார்கள்.

நான் நக்கலடித்த அந்த மனிதர்களைப் போலவே முதுகை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால், அப்பா கடைசி வரிசையில் பக்கத்து ஆளுக்குக் கையை ஆட்டி ஆட்டி மிச்சக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மேடையில் யார் ஆடினார்கள், யார் பாடினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அழுதுகொண்டிருந்தேன்.