மருந்துக்காரர் விதைத்த நிலம்

தெருவில் எல்லோரும் அவரை மருந்துக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர், வைத்தியம் பார்ப்பவர் என்று நினைத்து, இருமுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டியதும் உண்டு. உண்மையில் அவர் நகராட்சியில் களைக்கொல்லி அடிக்கிறவர். முதுகில் டேங்க், கையில் குழாய், மூக்கைச் சுற்றி ஈரத்துண்டு. கைவிடப்பட்ட ரயில் பாதையோரம் ஒரு பச்சை தலைதூக்கினால் போதும், போய் நின்றுவிடுவார்.

நுரையீரல் கெட்டு வேலை போயிற்று. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு துவைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். அவர் பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே மொட்டையாகக் கிடந்த பாதையோர நிலத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஒரு வண்டு, ஒரு குருவி வரலையே, கவனிச்சியா?" என்றார் ஒரு நாள்.

"எல்லாம் உங்க கைங்கரியம்தான்," என்றாள் அவள், துணி மடித்தபடி. விளையாட்டாகச் சொன்னதுதான். அவர் சிரிக்கவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை.

அதன்பின் மெல்ல நடந்து, தான் மருந்தடிக்காத மேட்டுப்பக்கம் போய், காய்ந்து நின்ற காட்டுப்பூச்செடிகளிலிருந்து விதை உருவி வந்தார். நீலப்பூவும் வெள்ளைப்பூவும் பூக்கிற செடிகள். முதல் மழைக்கு மணலோடு கலந்து தூவி, காலால் மிதித்துவிட்டார். ஒன்றும் முளைக்கவில்லை.

"மேல்மண் பூரா என் மருந்துதான் இருக்கு. வழிச்சு எடுக்கணும்," என்றார்.

அவரால் கூடை தூக்க முடியாது. லீவு நாளெல்லாம் மனைவிதான் மண்ணை வழித்து அள்ளினாள். மறுபடி விதைத்தார்கள். இந்த முறை இலைகள் தரையோடு ஒட்டிக்கொண்டு வந்தன. வளர்ந்ததும் அக்கம்பக்கத்தார், பாம்பு சேரும் என்று நகராட்சியில் புகார் கொடுத்தார்கள்.

புல் வெட்டும் மெஷினோடு வந்தவர் அவருடைய பழைய சகா. மருந்துக்காரர் செருப்பில்லாமல் இறங்கிப்போய் எதிரே நின்றார்.

"தள்ளிக்கோங்கண்ணே. மேலிடத்து உத்தரவு."

"பூக்கட்டும்டா. விதை விழுந்ததும் நீயே வெட்டு."

சகா மெஷினை அணைத்தார். பிறகு, பெல்ட் அறுந்துபோச்சு என்று ஆபீசில் சொல்லிக்கொள்வதாகக் கூறித் திரும்பிப் போனார்.

மொட்டு விடும் நேரத்தில் மருந்துக்காரருக்கு மூச்சு முட்டி, மனைவி வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனவள் பாதையோரத்திலேயே நின்றுவிட்டாள். நகராட்சி வேறொரு ஆளை அனுப்பியிருந்தது, டேங்கோடு. இலையெல்லாம் சுருண்டு, மொட்டுகள் தலைசாய்ந்து கிடந்தன.

வார்டுக்குத் திரும்பியதும் அவர் கேட்டார், "பூத்துச்சா?"

"பூத்திருக்குங்க."

"என்ன நிறம்?"

அவளுக்குச் சட்டென்று வாயில் வந்தது, "மஞ்சள்."

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "மஞ்சள் நாம போடலையேம்மா," என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார். அவர் படுத்திருந்த விரிப்பு அவள் கைக்கே சலவைக்கு வந்தது. அதை வேறொருத்தியிடம் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றாள்.

அடுத்த மழைக்கு முன்னால் அவள் மறுபடி மண் வழித்தாள். சகாவும் கூடை தூக்க வந்தார். அவர் மிச்சம் வைத்திருந்த விதையைத் தூவினாள்; பாதிக்குமேல் முளைக்கவில்லை. முளைத்ததில் சில, மதிலோரமாக, நீலமாகப் பூத்தன. தேனீக்கள் வந்தன. அவளுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இல்லை, கோபம்தான் வந்தது. இங்கே மருந்தடிக்க வேண்டாம் என்று எழுத்தில் உத்தரவு கேட்டு நகராட்சிக்கு நடக்கிறாள். நாளைக்கு வாம்மா என்கிறார்கள். வேலை முடிந்து, சோப்பு வாடை போகாத கையோடு, இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.