பீருக்குத் தொட்டுக்கொள்ள மாங்காய்

லா ஷப்பேலின் பழைய மதுக்கடையில் கறுப்பு பீரோடு நிற்கிறேன். பாரிஸ் வந்ததிலிருந்து எல்லா வேளையும் தனியாகத்தான் சாப்பாடு. ரூ பெர்தொனே தெருவில் வாங்கிய மாங்காய் பையில் இருக்கிறது. பேனாக்கத்தியைப் பாதி விரித்து, பயந்து மூடுகிறேன். தெரியாத ஊரில் கத்தியை எடுக்கலாமா?

பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரர் பார்த்துவிடுகிறார்.

"வெட்டுங்கோ அண்ணை. இஞ்சை ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம். அங்கை பாருங்கோ."

மூலையில் ஒரு பிரெஞ்சுக் கிழவர் தன் மடக்குக்கத்தியால் சாசேஜ் நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

நானும் வெட்டுகிறேன். யாழ்ப்பாணத்துக்காரர் எதிரிலுள்ள தமிழ்க் கடைக்கு ஓடி, உப்பும் மிளகாய்த்தூளும் வாங்கி வருகிறார். நன்றி சொன்னால், "அதை விடுங்கோ, உறைப்பு காணுமோ, இன்னும் போடவோ?" என்கிறார்.

கிழவருக்கும் ஒரு துண்டு கொடுக்கிறோம். கண்ணில் நீர் வர இருமியவர், சாசேஜ் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறார்.