அறுநூறு வரை எண்ணிய மத்தியானம்

அன்றைக்கு அந்தத் தரிசில் இருந்தவர்கள்: நான், ஸ்டூடியோ சுப்பையா அண்ணாச்சி, பக்கத்துப் பருத்திக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஆவுடையக்காள், அவளுடைய வெள்ளாடு ஒன்று, ஆட்காட்டிக் குருவி ஒரு ஜோடி, அவற்றின் முட்டைகள் நான்கு. முட்டைகளையும் ஆளாகச் சேர்த்தால் பத்துப் பேர். சேர்க்கத்தான் வேண்டும். அன்றைக்கு உயிருக்கு ஆபத்து இருந்தது அவர்களுக்கு மட்டும்தான்.

போன வாரம் உரக்கடையில் கொடுத்த காலண்டரைப் பார்த்ததும் இதெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கூட்டில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. பளபளவென்று படம். எனக்குப் படத்தில் கண் நிற்கவில்லை. கூட்டைச் சுற்றி ஒரு இலைகூட இல்லையே, வெளிச்சத்துக்காகக் கிளையை ஒடித்திருப்பார்களோ, காக்கை பார்த்திருக்குமோ என்று அரை மணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் இருப்பவர்கள் என்னை இப்படிப் பார்த்துப் பழகியவர்கள். காப்பி ஆறுகிறது என்று மட்டும் சொன்னார்கள்.

நான் பிறவிக் கவலைக்காரன். கணக்குப் பரீட்சைக்குப் பயந்தே எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு சங்கரன்கோவிலில் சுப்பையா அண்ணாச்சியின் ஸ்டூடியோவில் இருட்டறை வேலைக்குச் சேர்ந்தேன். படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் புளித்த வாடையும் சிவப்பு விளக்கும்தான் அங்கே எனக்குத் துணை. கடிகாரம் கிடையாது. படம் பதிந்த கண்ணாடித் தட்டை மருந்தில் போட்டுவிட்டு வாயால் எண்ண வேண்டும். அறுபது எண்ணினால் ஒரு நிமிஷம். கணக்கு வராவிட்டாலும் எண்ண வந்தது. எண்ணி எண்ணி, தெருவில் நடக்கும்போதும் சோறு தின்னும்போதும் உள்ளுக்குள் ஒன்று இரண்டு மூன்று ஓடிக்கொண்டே இருக்கும்.

அண்ணாச்சிக்குக் கல்யாணப் படம் அலுத்துப்போயிருந்தது. பிணத்தை உட்காரவைத்துப் படம் எடுப்பது மட்டும் அவருக்குப் பிடிக்கும். "சொன்னாச் சொன்னபடி இருக்கும்லா" என்பார். டாக்டர் வீட்டில் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் அடைகாக்கும் பறவையின் படத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, தன் கடைக் கண்ணாடிப் பெட்டியிலும் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

குருவிகுளம் ரோட்டை ஒட்டிய தரிசில் ஆட்காட்டி முட்டையிட்டிருக்கிறது என்று தகவல் வந்தது. கூடு என்று எதுவும் கிடையாது. வெறுந்தரையில் நான்கு முட்டைகள், பக்கத்துக் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. குருவி அசையுமே, வெளிச்சம் நிறைய வேண்டுமே என்று அண்ணாச்சி உச்சி வெயிலைத் தேர்ந்தெடுத்தார். நான் கேமராவின் முக்காலியையும் தட்டுப் பெட்டியையும் சுமந்துகொண்டு பின்னால் போனேன். வெயிலில் தட்டு கெட்டுவிடுமோ என்பதுதான் அப்போதைய கவலை.

எங்களைக் கண்டதும் குருவி எழுந்து கத்த ஆரம்பித்தது. ஜோடியும் வந்து சேர்ந்து தலைக்கு மேலே சுற்றிக் கத்தியது. அண்ணாச்சி அதைக் கண்டுகொள்ளவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு முந்தானையைச் சரிசெய்கிற அதே கையால், முட்டைகளைச் சுற்றியிருந்த புல்லைப் பிடுங்கினார்; அழகில்லாத கற்களை அப்புறப்படுத்தினார்; கடைசியில் நான்கு முட்டைகளையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக வைத்துவிட்டார். ஐந்தடி தள்ளிக் கேமராவை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஆவுடையக்காள் களைவெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, மாப்பிள வீட்டுக்கு அனுப்பவா போட்டோ?"

"சும்மா கிட. இப்ப வந்து உக்காரும்" என்றது துணி.

வரவில்லை. நான் என்னை அறியாமலே எண்ணிக்கொண்டிருந்தேன். இருநூறு. முந்நூறு. குருவி வரப்போரத்தில் இறங்கும், நாலடி ஓடிவரும், எங்களைப் பார்க்கும், மறுபடியும் பறந்துவிடும். நானூறு வந்தபோது பக்கத்துக் கல் ஒன்றை எடுத்தேன். கை சுட்டுக் கீழே போட்டேன். அப்புறம் முட்டையைப் பார்த்தேன். அப்புறம் கல்லைப் பார்த்தேன்.

"அக்கா, இந்த வெயில்ல முட்டை என்ன ஆகும்?"

"வேவும். வேற என்ன ஆகும்? அது பாவம், வாய்க்காத் தண்ணியில வயித்த நனச்சிட்டு வந்துதான் முட்டை மேல உக்காரும். நீங்க ரெண்டு பேரும் நந்தி கெணக்கா நின்னா எப்படிய்யா வரும்?"

"அண்ணாச்சி, போயிருவோம் அண்ணாச்சி."

"இன்னும் ஒரு நிமிசம்லே."

ஐந்நூறு. ஐந்நூற்று அறுபது. அவருடைய ஒரு நிமிஷம் முடிந்துபோனதை நான் ஒருவன்தான் அறிவேன். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் ஒரு நிமிஷம் என்றார். அறுநூறு வந்ததும் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? தட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு நாளும் அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன். தட்டு இல்லாமல் அவர் எதை எடுப்பார்?

"ஏலே! ஏலே! பொட்டியக் கொண்டாலே!"

அண்ணாச்சி ஒரு கையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தலையில் கறுப்புத் துணி பறக்கப் பறக்கத் துரத்தினார். வெள்ளாடு மிரண்டு என்னோடு சேர்ந்து ஓடியது. ஆவுடையக்காள் சிரித்த சிரிப்பில் களைவெட்டி கை நழுவி விழுந்தது. தூரத்தில் முள்ளும் அரை நிழலுமாக நின்ற உடைமரத்தடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி வந்து கையை ஓங்கினார்.

"அடிக்கிறத அப்பறம் அடிங்க. அங்கன பாருங்க" என்றாள் பின்னாலேயே வந்த ஆவுடையக்காள்.

குருவி வந்துகொண்டிருந்தது. வயிற்று இறகெல்லாம் நனைந்து, சொட்டச் சொட்ட நடந்து வந்தது. ஐந்தடியில் மூன்று காலில் நிற்கிற கேமராவை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அதற்குப் பயம் எங்களிடம்தான். அலகால் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, கூர்முனை நான்கும் உள்ளே சேரும்படி வைத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தது.

அண்ணாச்சியின் கை ஓங்கியபடியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம செட்டிங் அதுக்குப் புடிக்கல போலலே."

"அண்ணாச்சி, நாளைக்கு வேலைக்கு வரணுமா?"

"வராம? முக்காலிய உங்கப்பனா தூக்குவாரு?"

மறுநாளிலிருந்து எல்லாம் மாறியது. விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன்பே போவோம். எதையும் தொடுவதில்லை. நெசவாளர் தெருவில் வாங்கிய முறுக்கு நூலைக் கேமராவின் விசையில் கட்டி, அதன் மறுமுனையோடு உடைமரத்துக்குப் போய்விடுவோம். நான் முந்நூறு எண்ணுவதற்குள் குருவி திரும்பாவிட்டால் மூட்டையைக் கட்டிவிட வேண்டும். அண்ணாச்சியே போட்ட சட்டம் அது. இன்னொரு தட்டு மாற்றப் போனால் மறுபடி எழுந்துவிடும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரே தட்டு. முதல் நாள் நூல் அறுந்தது. இரண்டாம் நாள் ஆடு நூலைத் தின்றது. மூன்றாம் நாள் படத்தில் குருவியின் வால் மட்டும் இருந்தது. நான்காம் நாள் சிவப்பு விளக்கடியில், மருந்துக்குள் முழுக் குருவியும் மெல்ல மெல்ல எழுந்து வந்தபோது எனக்கு முதல்முறையாக எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

கல்யாணப் படங்களுக்கு நடுவில் அதை வைத்தோம். "பொண்ணு நல்லாருக்கு வே, எந்த ஊரு?" என்று கடைத்தெருவே கேலி செய்தது. அண்ணாச்சிக்கு அதைவிடப் பெருமை வேறில்லை. ஒரு வாரத்தில் நான்கும் பொரித்தன. பொரித்த அன்றே குஞ்சுகள் ஓட்டம். நாங்கள் உடைமரத்தடியில் ஆவுடையக்காளோடு மூன்று பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அன்றைக்குக் கேமராவைக் கொண்டுபோயிருக்கவில்லை. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகவும் ஞாபகம் இல்லை.

அண்ணாச்சி காலமானபின் கடையைக் காலி செய்தவர்கள் கண்ணாடித் தட்டுகளைச் சலவைச் சோடாவில் ஊறவைத்து, படத்தைச் சுரண்டி வெறுங்கண்ணாடியாக்கி, சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவரிடம் எடைக்குக் கொடுத்துவிட்டார்கள். குருவியும் அதில் போயிற்று. உடைமரம் விறகாயிற்று. ஆவுடையக்காளின் பருத்திக்காடு மனைகளாயிற்று. தரிசு இருந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் வந்துவிட்டது. உறவில் ஒரு கல்யாணத்துக்காக ஒருமுறை அங்கே போனேன். வழவழவென்று மொசைக் தரை. பந்தியில் இடம் பிடிக்க எல்லாரும் முண்டிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் குனிந்து பார்த்துப் பார்த்துக் காலை எடுத்து வைத்தேன்.