82 வரை புக் ஆன மதில்

நீர்த்த சுண்ணாம்பு வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு மட்டாஞ்சேரி போட் ஜெட்டிதான் ஞாபகம் வரும்… சுண்ணாம்பு, காயப்போட்ட சுக்கு, காயல் சேறு, மூன்றும் கலந்த வாசனை. அது மூக்கில் ஏறினால் தேர்தல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜெட்டிக்கு எதிரே எங்கள் வீட்டு மதில். நல்ல நீளம். போட்டிலிருந்து இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். எல்லாக் கட்சிக்கும் அதன்மேல் ஒரு கண்.

எங்கள் ஊரில் சுவரை "புக்" பண்ணுவார்கள். வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சிப் பேரும் வருஷமும் எழுதிவிட்டால் போதும், வேறு கட்சிக்காரன் அதில் பிரஷ் வைக்கமாட்டான். தெருவில் அடிதடி நடக்கும், சுவர் விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு மரியாதை!

எங்கள் மதில் வழக்கமாகப் பழைய கட்சிக்கு. சுதந்திரத்திலிருந்து டெல்லியை ஆண்ட கட்சி. அதற்கு எங்கள் வார்டில் எல்லாமே பைலிச் சேட்டன். அப்பாவின் சினேகிதர். அப்பா தமிழ்நாட்டிலிருந்து வந்து காப்பிப்பொடிக் கடை போட்டபோது முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

எமர்ஜென்சி நாட்களில் அப்பா கடையில் ஏதோ கிண்டலாக ஒரு வார்த்தை சொல்லப்போக, பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். பைலிச் சேட்டன்தான் போய்ப் பேசிக் கூட்டிவந்தார். அதற்கப்புறம் அப்பா அரசியலே பேசவில்லை. எங்களுக்குக்கூட அவர் மறந்துவிட்டார் என்றுதான் நினைப்பு.

77இல் தேர்தல் என்றார்கள். டெல்லியில் நாலைந்து கட்சிகள் சேர்ந்து ஒரு புதுக் கட்சி ஆனது. எங்கள் தெருவில் அதற்கு ஓர் ஆள் கிடையாது, ஒரு கொடி கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தானே சுண்ணாம்பு கரைத்தார். மதில் முழுக்க அடித்தார். நீலத்தைக் குழைத்து, ஓரத்தில் அந்தக் கட்சியின் பேரை எழுதி, "82 வரை" என்று போட்டார். ஐந்து வருஷம்! அதுவும் தமிழில். மலையாளம் அவருக்குப் பேசத்தான் வரும்.

பைலிச் சேட்டன் வந்து பார்த்தார். எழுத்து புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது.

"அண்ணாச்சி… என்கிட்ட இது வேணமாயிருந்தோ?"

"உன்கிட்ட இல்ல பைலி. அந்த பெஞ்சுகிட்ட."

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

ரிசல்ட் வந்த நாளை மறக்கவே முடியாது. காலைச் செய்தி கேட்க ரேடியோவைச் சுற்றி நின்றோம். முப்பது வருஷம் அசைக்க முடியாமல் இருந்த கட்சி விழுந்துவிட்டது… எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நம் அப்பாவைப் போன்ற ஆட்கள், பேசாமல் இருந்து இருந்து, ஒரே நாளில் இதைச் செய்துவிட்டார்களா! ஆனால் கேரளாவில் பழைய கட்சி அணிக்குத்தான் ஜெயம். வெளியே அவர்கள் பட்டாசு. எங்கள் தெருவில் பைலிச் சேட்டன் ஜெயித்தார், டெல்லியில் அப்பா ஜெயித்தார். இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

நான் அப்போது வெலிங்டன் தீவில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். தினமும் போட் ஏறும்போது அந்த எழுத்தைப் பார்ப்பேன். கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

எவ்வளவு வேகமாக ஏறியதோ அதைவிட வேகமாக இறங்கியது அந்தக் கட்சி. அவர்களுக்குள்ளேயே சண்டை, ஆளுக்கொரு பக்கம் இழுப்பு. இரண்டரை வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, ஆட்சி போனது. கட்சி துண்டு துண்டானது. அவ்வளவு பெரிய அலை எங்கே போய்விட்டது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

மறுபடியும் தேர்தல். பைலிச் சேட்டன் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஆ பார்ட்டி செத்துப் போயி. இந்த மதில் கிட்டினா எனிக்கு கவுன்சிலர் சீட்டு தராமின்னு மேல சொல்லியிட்டுண்டு."

"82 வரைக்கும்னு எழுதிட்டேன் பைலி. கட்சிதானே செத்துச்சு, எழுதினவன் இருக்கேன்ல?"

அம்மா உள்ளே தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் அப்பாமேல் கோபம்தான். செத்த கட்சிக்காக உயிரோடிருக்கிற சினேகிதனை விடுவார்களா?

அடுத்த நாள் நான் போட்டுக்குக் கிளம்பும்போது மதிலுக்கு முன்னால் பைலிச் சேட்டன், கையில் வாளியும் பிரஷும். பின்னால் கட்சிப் பையன்கள். "வெள்ள அடிச்சோ சேட்டா, ஆரு சோதிக்கான்!" என்று, யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் அவசரப்படுத்துகிறார்கள். உள்ளே ஓடி அப்பாவைக் கூப்பிட்டேன்.

நாங்கள் வெளியே வந்தபோது பைலிச் சேட்டன் பிரஷை நீலத்தில் முக்கியிருந்தார். மூன்று மழைக்காலத்தில் மங்கிப்போயிருந்த அப்பாவின் எழுத்துமேல், கோலத்துமேல் கோலம் இழுக்கிற மாதிரி, ஒவ்வொரு கோடாக இழுத்துக்கொண்டிருந்தார். ஓர் எழுத்துகூட அவருக்கு வாசிக்கத் தெரியாது!



"மழ கொண்டு மாஞ்சுபோயி அண்ணாச்சி," என்றார் திரும்பாமலே. "82 வரெ வேணமல்லோ."

"உள்ள வா. காப்பி குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார் அப்பா.

கவுன்சிலர் சீட்டு வேறு ஒருவருக்குப் போயிற்று. 82 முடிந்த மறுநாள் அப்பாவே வெள்ளையடித்து, பிரஷை பைலிச் சேட்டன் கையில் கொடுத்தார்.

போன மாதம் மட்டாஞ்சேரி போயிருந்தேன். எங்கள் வீடு இப்போது யாருடைய கஃபேயோ, மதிலில் பெரிய மீன் படம். ஜெட்டி முழுக்க ஃபிளெக்ஸ் போர்டு. போட்டில் பக்கத்து சீட்டுப் பையன் ஃபோனில் நியூஸ் பார்க்கிறான், காலையில் ஒரு கட்சியில் இருந்தவர் மத்தியானம் இன்னொரு கட்சித் துண்டோடு சிரிக்கிறார்.

பைலிச் சேட்டனைப் பார்த்தேன். தொண்ணூறை நெருங்குகிறார், காது மந்தம். இத்தனை வருஷம் கேட்காததைக் கத்திக் கேட்டேன். "அன்னைக்கு ஏன் சேட்டா அழிக்கல?"



"வோட்டு ரகசியமாணு மோளே… ஆர்க்கும் மாத்திக் குத்தலாம். நின்டெ அப்பன் எல்லாரும் காண மதில்ல எழுதி. அது ஞான் எங்ஙனெ மாய்க்கும்?"