நைட் ஷிஃப்ட் வாரத்துப் பக்கங்கள்

எங்கள் மகளுக்கு ஐந்து வயது முடிந்த மழைக்காலத்தில் அது தொடங்கியது. தொண்ணூறுகளின் ஆரம்பம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு சமையலறை. பின்கதவைத் திறந்தால் துவைக்கிற கல், அதை அடுத்துக் கிணறு.

முதல் இரவு கணவர் ஓவர்டைம் முடிந்து இன்னும் வரவில்லை; நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் என் குழந்தையின் குரல் என்று எனக்கு உறைக்கவில்லை. தெருவில் நாய் ஏதோ வண்டியில் அடிபட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அறைக்குள் போனால் அவள் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் முழுக்கத் திறந்திருந்தன. எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். சுவரில் காலண்டர்தான் இருந்தது. அவள் கவுன் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கூப்பிட்டேன், உலுக்கினேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன். ஒவ்வொன்றுக்கும் அலறல் கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு சட்டென்று நின்றது. அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். காலையில் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. பல் தேய்க்கும்போது வழக்கம்போல, "தாம்பரம், சானட்டோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம்" என்று எலெக்ட்ரிக் ரயில் நிலையங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் பேசியது பெரும்பாலும் அதுதான். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. தலை சீவினால், துண்டால் துடைத்தால், எதிர்பாராமல் தொட்டால் உடம்பை வளைத்துக்கொள்வாள். ஆட்டிசம் என்ற சொல்லை அந்த வருஷம்தான் ஒரு டாக்டர் எங்களுக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். எழுத்துக்கூட்டிப் படித்தோம். அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் பதிவறையில் வேலை பார்த்தேன். எதையும் நாளும் நேரமும் போட்டு எழுதிவைப்பது அங்கே வந்த பழக்கம். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாள் எல்லாம் என் டைரியில் இருக்கும். இதையும் எழுதினேன். "தூங்கியது 8.05. ஆரம்பம் 9.40. முடிவு 9.57. கண் திறந்திருந்தது."

என் கணவர் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் இருந்தார். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். நைட் வாரத்தில் எட்டரைக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். அலறல் தொடங்கிய பிறகு வந்த முதல் நைட் வாரத்தில், காலையில் அவர் செருப்பைக் கழற்றும்போதே, ராத்திரி இரண்டு தடவை வந்தது என்று சொல்லிவிட்டேன். அன்று பகல் முழுக்க அவர் கண்ணை மூடவில்லை. மறுநாள் காலை இடதுகை ஆள்காட்டி விரலில் கட்டோடு வந்தார். நகம் போயிருந்தது. "கொஞ்சம் தள்ளியிருந்தா விரலே போயிருக்கும்" என்று தாமே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து நைட் வாரங்களில் அவர் கேட்டால் ஒரே பதில்தான் சொன்னேன். "நல்லா தூங்கினா."

வீட்டுக்கார அம்மா முன்பக்கத்தில் இருந்தார். அந்த ஊரிலேயே நிலபுலன் வைத்திருந்த குடும்பம். அவருக்கு எல்லாம் கேட்கும்.

"இன்னாமா, நேத்தும் கொழந்த அந்தக் கத்து கத்திச்சே? எதையோ பாத்து பயந்துகீது. பல்லாவரத்துல பள்ளிவாசலாண்ட சாயங்காலம் போய் நில்லு, ஊதி உடுவாங்க."

"போறேங்க்கா. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நைட் வேலைக்குப் போற மனுஷன்."

"வூட்டுக்காரருகிட்ட மறைச்சு இன்னா பண்ணப் போற நீ? பேஜாராப் பூடும் பாத்துக்கோ." ஆனால் அவர் சொல்லவில்லை.

பல்லாவரத்துக்குப் போனேன். கூட்டத்தோடு வாசலில் நின்றேன். பெரியவர் ஒருவர் ஓதி முகத்தில் ஊதியபோது குழந்தை காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிட்டாள். அங்கே கட்டிவிட்ட கயிற்றை ரயிலிலேயே கடித்து அறுத்தாள். அன்றிரவும் வந்தது. 9.35.

பகல் வாரங்களில் அவர் வீட்டில் இருப்பார். அலறல் கேட்டதும் பாய்ந்து போய் அவளைத் தூக்கி மார்போடு இறுக்கிக்கொள்வார். எந்த அப்பாவும் அதைத்தான் செய்வார். அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்து இன்னும் உரக்க அலறுவாள். கழுத்தில் பிறாண்டுவாள், மார்பில் கைவைத்துத் தள்ளுவாள். அவர் மேலும் இறுக்குவார். முடிந்ததும் பனியனில் ரத்தக்கோடுகளோடு வாசற்படியில் போய் உட்காருவார். நான் விளக்கை அணைத்துவிட்டு டைரியில் எழுதுவேன்.

அவரிடம் சொல்லாத இரவுகளில் மிக மோசமானது கிணற்றடி இரவு. எட்டு மணிக்கே மின்சாரம் போயிருந்தது. முன்வீட்டுக் கடிகாரம் ஒன்பதரை அடித்ததும், இருட்டில் படுத்திருந்தவள் அலறிக்கொண்டே எழுந்து ஓடினாள். பின்கதவின் தாழ்ப்பாளை அவளுக்குத் திறக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. நான் போவதற்குள் துவைக்கிற கல்லைத் தாண்டியிருந்தாள். கிணற்றின் கைப்பிடிச்சுவர் அவள் மார்பளவுதான். இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றி, உள்ளே பார்த்து அலறினாள். அலறல் கிணற்றுக்குள் போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்த குரலைக் கேட்டு இன்னும் பயந்தாள்.

பிடித்தால் திமிறுவாள் என்று தெரியும். ஈரச் சுவர். திமிறினால் எந்தப் பக்கம் விழுவாள் என்று தெரியாது. பக்கவாட்டில் போய், சுவருக்கும் அவளுக்கும் நடுவே அங்குலம் அங்குலமாக என் உடம்பை நுழைத்தேன். கையை விரித்து நின்றேன், தொடவில்லை. வாய் தானாக முணுமுணுத்தது: "தாம்பரம், சானட்டோரியம், குரோம்பேட்டை..." கிண்டி வரை போய் மறுபடி தாம்பரத்திலிருந்து தொடங்கினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அலறல் தேய்ந்தது. தானாகத் திரும்பி நடந்து உள்ளே போய்ப் பாயில் படுத்தாள். மெழுகுவத்தி ஏற்றி மணி பார்த்தேன். ஆறு நிமிஷம்தான் ஆகியிருந்தது. டைரியில் எழுதினேன். அந்தப் பக்கத்தின் எழுத்து இப்போதும் என்னுடையதுபோல் இல்லை.

மறுநாள் பின்கதவுக்கு மேலே, அவளுக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போட வைத்தேன். கணவரிடம், பூனை வருகிறது என்றேன்.

அதற்குப் பிறகு தனியாக இருந்த இரவுகளில் அவளைத் தொடவில்லை. இடித்துக்கொள்ளாமல் தலையணைகளை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழு நிமிஷம், ஆறு நிமிஷம், எட்டு நிமிஷம். பகல் வாரங்களில் பதினைந்து, பதினெட்டு. ஏன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் "தூக்காதீங்க" என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். எனவே அவர் தூக்குவதையும் அவள் பிறாண்டுவதையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

குரோம்பேட்டையில் ஒரு குழந்தை டாக்டரிடம் தனியாக அழைத்துப் போனேன். டைரியையும் கொண்டுபோனேன். அந்த அம்மாள் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இது கெட்ட கனவு இல்லம்மா. பாதி மூளை முழிச்சிருக்கு, பாதி தூங்குது. உங்களைப் பாக்கற மாதிரி இருக்கும், பாக்கல. எழுப்பாதீங்க, பிடிக்காதீங்க, அடிபடாம மட்டும் பாத்துக்கோங்க. இந்த மாதிரிக் குழந்தைங்களுக்குத் தூக்கமே கொஞ்சம் சிக்கல்தான்." பேனாவால் என் எண்களைத் தொட்டார். "தூங்கி ஒன்றரை மணி நேரத்துல வருது, பாருங்க. அதுக்குக் கால் மணி முன்னாடி லேசா அசைச்சு விடுங்க. முழுசா எழுப்ப வேண்டாம். புரண்டு படுத்தாப் போதும். தினமும் ஒரே நேரத்துக்குத் தூங்க வைங்க. ஒரு மாசம் செஞ்சு பாருங்க. அப்பாவும் கத்துக்கணும்."

அப்பாவும் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அப்பாவிடம் டைரியைக் காட்ட வேண்டும். ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன். அது நைட் வாரமும் அதன் முன்னும் பின்னும் வந்த விடுமுறைகளும். அவர் இல்லாத இரவுகளில் நான் மட்டும் செய்து பார்த்தேன். நான்கு இரவு வரவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை அவர் கட்டிலடியிலிருந்து ரெக்ஸின் பையை இழுத்து உடுப்புகளை அடுக்கினார்.

"எங்க?"

"சைதாப்பேட்டைல நம்ம செக்‌ஷன் பசங்க ரூம் எடுத்திருக்காங்க. ஒரு பெட் காலியா இருக்கு. நிரந்தரமா நைட் ஷிஃப்ட் கேட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை பகல்ல வந்து பாத்துட்டுப் போறேன்."

"ஏங்க, என்ன பேசறீங்க?"

"நான் இல்லாத வாரம் நிம்மதியாத் தூங்கறா. நீதான சொல்ற. நான் இருந்தா என் மூஞ்சியப் பாத்து அலறுது. பெத்த கொழந்தைக்கு அப்பன் பிசாசாட்டம் தெரியறான். நான் எதுக்கு இங்க?" லுங்கியை நான்காக மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தார்.

டைரியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து படித்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். பக்கங்கள் திரும்பும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது.

"இது நைட் வாரம்."

"ஆமாங்க."

"இதுவும் நைட் வாரம். இதுவும்." விரல் கீழே இறங்கியது. "கிணறா?"

நான் பின்கதவின் மேல்தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

"பூனைன்னு சொன்ன."

"உங்க விரல் அப்படி ஆனப்பறம் எனக்குச் சொல்லப் பயம்."

அவர் அடுத்த பக்கங்களைப் புரட்டினார். முகம் மறுபடி இறுகியது. "இங்க பாரு. நான் இல்லாதப்ப ஏழு நிமிஷம். நான் இருந்தா பதினெட்டு. நான் சொன்னது சரிதான?"

இந்த ஒன்றுக்குத்தான் நான் ஒன்பது நாளாகப் பயந்தது. "நீங்க தூக்கறதாலதான். யார் தூக்கினாலும் அப்படித்தான். முதல் ராத்திரி நான் பிடிச்சு உலுக்கினப்ப எவ்வளவுன்னு பாருங்க. தொடாம இருந்தா சீக்கிரம் அடங்கிடுது. எனக்கு அப்பவே தெரியும். உங்ககிட்ட சொல்லல."

"நின்னு பாத்துட்டே இருந்த?"

"ஆமா."

அவர் டைரியை மூடினார். என்னை அடித்திருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது. என்னைக் கடந்து குழந்தை படுத்திருந்த இடத்துக்குப் போனார். அவள் எட்டு மணிக்குத் தூங்கியிருந்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, "எத்தனை மணிக்கு அசைக்கணும்?" என்றார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஒன்பதேகாலுக்கு அவர் கையை நீட்டினார். நகம் போன விரல் அவள் தோளுக்கு மேலே நின்றது. இறங்கவில்லை.

"நீ பண்ணு. நான் தொட்டா அலறுவா."

"நீங்கதான் பண்ணணும்."

இரண்டு விரலால் தொட்டார். அவள் முனகினாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பதரை. 9.40. முன்வீட்டில் யாரோ இருமியபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பத்து மணி ஆனது. ஒன்றும் வரவில்லை.

மறுநாள் இரவு வந்தது. அசைத்தும் வந்தது. அவர் எழுந்து பாதிவழி பாய்ந்தார். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஏழு நிமிஷம் அப்படியே நின்றார். அன்றைய பக்கத்தில் நேரத்தை அவரே எழுதினார். அவர் கையெழுத்து என் கட்டத்துக்குள் அடங்கவில்லை.

ரெக்ஸின் பை பதினோரு நாள் கதவோரமே இருந்தது. தினமும் பெருக்கும்போது அதை நகர்த்திப் பெருக்கிவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன். கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பன்னிரண்டாம் நாள் மழை. கொடியில் ஒன்றும் காயவில்லை. குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தவர் பையின் ஜிப்பை இழுத்து உள்ளேயிருந்து லுங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டார். காலியாகாத பையைக் காலால் கட்டிலடிக்குத் தள்ளினார்.

அன்று வழக்கமான நைட் வாரத்து ஷிஃப்ட். வாசலில் நின்று, "காலைல வந்ததும் டைரியக் குடு. நீ வாயால ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.