மாமன் சொல்லாமல் அடித்த ஆணி

என் மனைவி அத்தோனி இனத்துப் பெண். இந்தோனேசியாவில், திமோர் தீவின் மேற்குப் பக்கம் அவர்கள் ஊர். மலேசியாவில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் பழகி, அங்கேயே கட்டிக்கொண்டு, ஐயம்பேட்டைக்கு அழைத்து வந்தேன். தெருவில் அவளைச் சீனாக்காரி என்றார்கள். திமோர், திமோர் என்று சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவள் என்னிடம் வற்புறுத்திக் கேட்டது ஒன்றே ஒன்று. அவர்கள் வழக்கப்படி, தாய்மாமன் சம்மதம் சொன்ன பிறகுதான் சவப்பெட்டியில் ஆணி இறங்க வேண்டும். அவரைக் கேட்கவும் முறை உண்டு. முதலில் அவர் முன்னால் வெற்றிலை பாக்கு வைக்க வேண்டும். அதுவரை அவர் வாயைத் திறக்கமாட்டார்.

"நான் செத்துட்டா மாமாவ கேக்காம மூடிடாதபா" என்பாள். சிரித்துக்கொண்டே சத்தியம் செய்திருக்கிறேன்.

டெங்கு வந்து ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

ஊரிலிருந்து அவள் கொண்டுவந்த கைநெசவுத் துணியை அவள்மேல் போர்த்தினேன். கெட்டியான பருத்தி, சிவப்பில் கொக்கி கொக்கியாகக் கோலம். என் அண்ணி முகத்தைச் சுளித்தாள். "இன்னாபா இது? காஞ்சிபுரத்துல ஒரு பட்டுப்புடவகூடவா கெடைக்கல?" அந்த இடத்திலேயே அவளை அறைந்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாமாவால் வர முடியாது. வீடியோவில் அவர் சம்மதம் சொல்ல, அவருக்குப் பதிலாக நான் முதல் ஆணியை அடிப்பது என்று காலையிலேயே பேசியிருந்தோம். போனைப் பெட்டியின் தலைமாட்டில் சாய்த்து வைத்தேன். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, அதே மாதிரித் துணியை இடுப்பில் கட்டி உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. நாங்களும் நின்றோம். மதிய வெயில். கரண்ட் இல்லை. பாஸ்டர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

"லைன் நின்னுபோச்சி போலக்குதுபா. எவ்ளோ நேரம் பாத்துக்கினு இருக்கறது? அடி" என்றார் அண்ணன்.

லைன் நிற்கவில்லை. மாமாவின் இமை அசைந்ததை நான் பார்த்தேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது, மௌனமே சம்மதம்தான் என்று எனக்கு வசதியாக நானே முடிவு கட்டிக்கொண்டு சுத்தியலை எடுத்தேன். முதல் அடி விழுந்ததும் மாமா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மற்ற ஆணிகளை அண்ணன் அடித்தார்.

கல்லறையிலிருந்து வந்து மாற்றுச் சட்டைக்காக பீரோவைத் திறந்தேன். அவளுடைய வெற்றிலைப் பெட்டி கண்ணில் பட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வீடு தள்ளிப் பெட்டிக்கடையில் வெற்றிலை கட்டுக்கட்டாக இருக்கிறது. ஒரு ஆளை அனுப்பியிருந்தால் போதும். என்னைப் போல ஒரு மடையன் இருப்பானா?

மறுநாள் காலையில் வெற்றிலை பாக்கை அந்தப் பெட்டியிலேயே எடுத்து வைத்து, மாமாவை அழைத்தேன். போனுக்கு முன்னால் பெட்டியை நகர்த்தினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேற்று இதற்காகத்தான் காத்திருந்தேன்" என்றார் மலாயில். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "சரி என்று சொல்லத்தான் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு என்ன கேட்பதற்காக வைத்திருக்கிறாய்?"